நேராக்கிய கோல்

“ஐயையோ! இந்தக் கோணல் கோலை வச்சுக்கிட்டா மாப்பிள்ளை இறுதி ஆட்டம் வரைக்கும் வந்தாரு?”

கண்ணாடிப் பலகையின் மேல் பில்லியர்ட்ஸ் கோலின் முன்பாதியை உருட்டிப் பார்த்த அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். நேரான கோல் சத்தமில்லாமல் உருளும். இதுவோ கோட்டம் விழுந்த சைக்கிள் சக்கரம் மாதிரி ஆடி ஆடி உருண்டது.

அண்ணன் ஒரு பந்தைக்கூட அடித்தவனில்லை. ஆனால் கோல் ரிப்பேர் என்றால் ஊரில் அவனை விட்டால் ஆள் கிடையாது. அப்படிப்பட்டவனின் தங்கை புருஷன் கோல் இந்த லட்சணத்தில் இருந்தால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

“எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ‘இருக்கட்டும் மச்சான், இருக்கட்டும் மச்சான்’னே சொல்லிட்டிருந்தாரு. என்கிட்ட என்ன கூச்சம்?”

“அதான் நான் எடுத்துட்டு வந்துட்டேன்ல,” என்றாள் தங்கை. “அவரு வேலை விஷயமா வெளியூர்ல இருக்காரு. ஞாயித்துக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி அப்படியே போட்டிக்கு வந்துடுவாரு. அதுக்குள்ள நேராக்கிக் குடுண்ணா. அவருகிட்ட மூச்சு விடாத.”

ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் ஒரு வருஷம் வெளிநாட்டு அணியில் இடம். ஆறு வருஷமாக மாப்பிள்ளை அதற்காகத்தான் தவம் கிடக்கிறார்.

“போன தடவை எட்டு மாசம் ஊர் ஊரா ஆடிட்டு வந்தாரே, உன் பொண்ணு வாசல்ல நின்னுக்கிட்டு ‘அங்கிள், யாரைப் பார்க்கணும்?’னு கேட்டாளே!” அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். தங்கையும் சிரித்தாள்.

மூன்று நாள் அவன் வேறு வேலையைத் தொடவில்லை. கோலுக்கு நீராவி காட்டி, எதிர்ப்பக்கம் வளைத்து, இரண்டு கட்டைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டினான். பிரித்து உருட்டினால் இன்னும் ஒரு மயிரிழை கோணல். மறுபடி நீராவி, மறுபடி கட்டு.

நேரானதும் உப்புத்தாளை எடுத்தான். பழைய அழுக்கு போனது, கீறல் போனது. அடிப்பக்கம் பேனாவால் வைத்த கறுப்புப் புள்ளி ஒன்று மட்டும் மிச்சம். அதைப் பற்றிக் கேட்க அவன் தங்கைக்கு போன் போட்டான்.

“புள்ளியை விட்டுடவாம்மா? ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி மாப்பிள்ளை அதை மேல பார்த்த மாதிரி திருப்பி வச்சுக்குவாரே. ஏதோ ராசின்னு நினைக்கிறேன்.”

“ராசியாவது ஒண்ணாவது! தேய்ச்சு எடுத்துடுண்ணா. புத்தம் புதுசா இருக்கட்டும்.”

தேய்த்தான். மெழுகு பூசித் துடைத்து, கண்ணாடியில் உருட்டினான். சத்தமே இல்லை. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு வேலையை அவன் இதுவரை செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் தாமதம். வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்த மாப்பிள்ளை, மனைவி நீட்டிய பையைத் திறந்தார். கோலை எடுத்துப் பார்த்தவரின் முகம் வெளுத்துப்போனது.

“மச்சான்... இதை யாரு...”

“வேற யாரு? நான்தான்! போய் ஜமாய்ங்க மாப்பிள்ளை!”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நடுவர் கூப்பிட்டுவிட்டார்.

மேசை முன்னால் குனிந்த மாப்பிள்ளை, கோலை விரல்களுக்குள் திருப்பினார். இன்னொரு தரம் திருப்பினார். மூன்றாவது தரமும் திருப்பிவிட்டு ஒருவழியாக அடித்தார். பந்து குழிக்கு ஒரு விரல் தள்ளிப் போய் முட்டியது.

அடுத்ததும் அதே பக்கம், அதே ஒரு விரல். அதற்கடுத்ததும்.

அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பார்க்க வந்தவர்கள் வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணெதிரே ஆறு வருஷத் தவம் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. சொல்ல விட்டாலும் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கடைசியில் குழி வாயிலேயே ஒரு பந்து நின்றது. குழந்தை ஊதினாலே விழுந்துவிடும். மாப்பிள்ளை அதையும் விட்டார், ஆட்டம் முடிந்தது.

அவர் கோலைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது அண்ணனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாப்பிள்ளையோ எதிரே ஆடியவருக்குக் கை கொடுக்கப் போய்விட்டார்.

“கோல்ல ஒரு குத்தமும் இல்லைம்மா! சத்தியமா நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு!” அண்ணன் அழாத குறைதான். “அப்புறம் ஏம்மா இப்படி ஆச்சு?”

மடியில் தூங்கிப்போன மகளின் தலையைத் தங்கை கோதிக்கொண்டிருந்தாள்.

“கோணலுக்குப் பழகின கைண்ணா அது. கோணல் எந்தப் பக்கம்னு பார்த்துக்கத்தான் அந்தப் புள்ளியே.”

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அடிப்பாவி! தெரிஞ்சிருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேனே! உனக்கு எப்போ தெரியும்?”

மகள் விழித்துவிடாமல் தங்கை மெல்லச் சொன்னாள்.

“தெரிஞ்சுதாண்ணா கொண்டு வந்தேன்.”