பொம்மையின் இதயத்துடிப்பு

மேசையில் கிடந்த ரப்பர் பொம்மைக்கு இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

துடிக்கக் கூடாது. பச்சிளங் குழந்தைகளின் இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தோம். குழந்தைக்குப் பதிலாகப் பொம்மையின் மார்பில் வயர்களை ஒட்டியிருந்தோம். திரையில் நேர்கோடு வர வேண்டும். வந்ததோ மேடும் பள்ளமும்.

“நின்னுபோன இதயத்தைக்கூட துடிக்குதுன்னு சொல்லுமேம்மா உங்க மெஷின்!” என்றேன்.

கருவியை வடிவமைத்த பெண் வயர்களை மறுபடி சரிபார்த்தாள். போன முறை தோற்றபின் உள்ளே பாதியைப் பிரித்து மாற்றி எடுத்து வந்திருந்தாள். இந்த முறையும் தேறாவிட்டால் இதை மூட்டை கட்டிவிடுவோம் என்று அவளுடைய நிறுவனத்தில் சொல்லிவிட்டார்களாம்.

ஒரு மின்சாதனம் விடும், காதுக்குக் கேட்காத மின் இரைச்சல் இன்னொன்றின் வேலையைக் கெடுக்காமல் பார்ப்பதுதான் எங்கள் சோதனைக்கூடத்தின் பிழைப்பு. இரைச்சல் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிப்பதில் நான் புலி. சக ஊழியர்கள் எனக்கு ‘மோப்பம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள். இருந்தாலும் நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மோப்பம் பிடிக்க ஆரம்பித்தேன்.

விளக்கை அணைத்தேன். ஏசியை நிறுத்தினேன். அவளுடைய செல்போன், கைக்கடிகாரம், கடைசியில் கார்ச் சாவியைக்கூட வாங்கி வெளியே வைத்தேன்.

துடிப்பு நிற்கவில்லை.

வயருக்குத் தாமிரத் தாளைச் சுற்றினேன். பொம்மையின் மேல் குனிந்து ஒவ்வோர் இணைப்பாக அழுத்திப் பார்த்தேன். நான் குனியக் குனிய அது உற்சாகமாகத் துடித்தது.

இரண்டு டீ எடுத்து வந்தேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, இரைச்சலைத் தடுக்கும் உறை எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்கு நீளமாக வகுப்பெடுத்தேன். கல்லூரியில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லையா என்றும் கேட்டு வைத்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டு அடிக்கும் அந்தத் துடிப்பை விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை. ‘தேறவில்லை’ என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.

“சார், நீங்க டீ எடுக்கப் போனப்ப கோடு நேராத்தான் இருந்துச்சு.”

சிரித்தேன். அனுபவசாலிகள் சிரிக்கும் சிரிப்பு. அவள் திருப்திக்காக இரண்டடி பின்னால் போய்க் காட்டினேன்.

நேர்கோடு.

முன்னால் வந்தேன். துடிப்பு.

இன்னொரு தடவை போய்வந்தேன். உயிரில்லாத பொம்மைக்கு என்னைக் கண்டதும் உயிர் வந்தது. சட்டென்று என் கை வயிற்றுக்குப் போனது.

“ஒரு நிமிஷம்மா,” என்று கழிவறைக்கு ஓடினேன்.

திரும்பி வந்து பொம்மையின் மேல் குனிந்தேன். அதன் கன்னத்தில்கூடத் தட்டிப் பார்த்தேன். கோடு அசையவில்லை.

“எர்த் வயர் லூசா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்,” என்றேன்.

எர்த் வயர் இருந்த பக்கமே நான் போகவில்லை. அவள் அதை ஒருமுறை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்தோம். ஒன்றில்கூடத் தவறவில்லை. எவ்வளவு அருமையான வேலை! சற்று முன்பு நான் தூக்கி எறிய இருந்த கருவி. “தேறிடுச்சு,” என்று அலுவலகத்துக்குப் போனில் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு கதவுவரை போனவள் நின்றாள்.

“அந்தத் துடிப்பு எனக்குப் பழக்கம் சார். எங்க மாமாவும் தொப்பை குறையணும்னு, வயித்துக்கு விட்டுவிட்டு ஷாக் குடுக்குமே, அந்தக் கரன்ட் பெல்ட்டை சட்டைக்குள்ள கட்டிக்கிட்டுதான் ஒரு வருஷம் ஆபீஸ் போனாரு. ஒரு இஞ்சுகூடக் குறையல.”

கதவு சாத்திக்கொண்டது.

இழுத்துப் பிடித்திருந்த மூச்சையும் வயிற்றையும் ஒன்றாக விட்டேன்.