பட்டாளத்துக் காடி

"இன்னாய்யா, காலைலேர்ந்து ஜாடிங்களையே சுத்திகினு கீறே? கோயில் பிராகாரமா இது?" என்றாள் நாகம்மாள்.

"உனுக்கு இன்னா தெரியும்? இன்னிக்குப் புது ஆபீசரு சோதிக்கப் போறாரு. கண்ணாடிக் குழாயை வெச்சிகினு, இதுல எத்தினி புளிப்பு கீதுன்னு எண்ணியே சொல்லிடுவாராம்" என்றான் வேம்புலி.

"புளிப்பை எண்ணுவாரா? முருங்கைக்காயா அது?"

"சிரிக்காதே நாகு. குத்தகை பூட்ச்சுன்னா, மறுபடியும் குடத்தைத் தலைல வெச்சிகினு பூந்தமல்லி வரைக்கும் கூவிகினு நடக்கணும்."

நாகம்மாளின் சிரிப்பு நின்றது.

"அப்போ நீ போய்க் குளி. ஜாடி வாயை நான் கட்டி வெக்கிறேன்."

அண்ணனூரில் கள்ளைப் புளிக்கவைத்துக் காடி செய்பவன் வேம்புலி. வெள்ளைக்காரன் வினிகர் என்பானே, அதுதான். யுத்தம் மும்முரமாகி ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியது. மீனோ முட்டைக்கோஸோ, எதன்மேலும் காடியைத் தெளித்துத் தின்னும் சோல்ஜர்களின் புண்ணியத்தில், பட்டாளத்துக்குக் காடி கொடுக்கும் குத்தகை வேம்புலிக்குக் கிடைத்தது. மாட்டு வண்டியும் வந்தது.

இதுவரை சோதனை என்றால் ஸ்டோர் குமாஸ்தாவின் நாக்குதான். விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். ஒரு கண் மூடினால் சரக்கு தேறியது. இரண்டு கண்ணும் மூடினால், "பேஷ்!"

வேம்புலியின் காடிக்கு எப்போதும் பேஷ்தான். இத்தனைக்கும் ஒரு குடம் காடிக்கு ஒரு குடம் கிணற்றுத் தண்ணீர் கலப்பது அவன் வழக்கம். 'இவ்வளவு ஊத்தியும் மனுசனுக்கு ரெண்டு கண்ணும் மூடுதே! எல்லாம் நம்ம கைராசி' என்று பூரித்துப் போவான்.

இந்தக் கைராசி நாகம்மாளுக்கு மட்டும் தெரியக்கூடாது. கூடுதலாக விழுந்த ஒற்றைக் கத்தரிக்காயைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். அதனால் தண்ணீர் கலக்கும் வேலை அவள் எழுமுன்பே முடிந்துவிடும்.

அன்று விடியலிலும் குடத்தைத் தூக்கினான். கண்ணாடிக் குழாய் ஞாபகம் வந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நாணயமாக இருப்பதில் இவ்வளவு வேலை மிச்சம் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆவடியில், புது ஆபீசர் தசரதன் சரக்கில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றினார். அதில் ஏதோ ஒரு துளி மருந்து விட்டார்.

"இந்தக் குழாயில் இருப்பது காரத் தண்ணீர். இது சொட்டச் சொட்ட உன் காடியின் அமிலம் செத்துக்கொண்டே வரும். எல்லாம் தீர்ந்ததும் ரோஜா நிறம் வரும். சீக்கிரம் வந்தால் காடியில் சத்தில்லை என்று அர்த்தம்."

"எத்தினி இருக்கணும் சாமி?"

"நூறு பங்கில் நாலுக்குக் குறையக்கூடாது."

குழாய் சொட்டத் தொடங்கியது. வேம்புலி மூச்சைப் பிடித்துக்கொண்டான். ரோஜா வரவில்லை. இன்னும் சொட்டியது. வரவில்லை. குழாயே காலியாகி, தசரதன் மறுபடி அதை நிரப்பினார்.

"பார்த்தீங்களா சாமி? அசல் சரக்கு! உங்க குழாய்க்கே மூச்சு வாங்குது!"

ஒருவழியாக ரோஜா நிறம் எட்டிப் பார்த்தது. தசரதன் கணக்குப் போட்டார்.

"எட்டு."

"நாலு கேட்டீங்க, எட்டு குடுத்துக்கீறேன்!" என்று வேம்புலி மீசையைத் தடவினான்.

"கள்ளு எவ்வளவுதான் புளித்தாலும் ஆறைத் தாண்டுவது கஷ்டம். இது தொண்டையைப் பொசுக்கும். எங்கிருந்தய்யா ஆசிட்டைக் கொண்டுவந்து கலந்தாய்?"

"ஆசிட்டா? என் புள்ளைங்க மேல சத்தியமா, ஒரு சொட்டு எதுவும் கலக்கலை சாமி!"

வேம்புலி தொழிலுக்கு வந்து செய்த முதல் உண்மையான சத்தியம் அதுதான். இதற்கு முன் செய்த அத்தனையையும் நம்பிய பட்டாளம், இதை மட்டும் நம்பவில்லை. குத்தகை ரத்தாயிற்று, ஜாடிகள் வண்டியில் திரும்பி ஏறின.

வீட்டுக்கு வந்தவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நாகம்மாள் நீர்மோர் கொண்டுவந்தாள்.

"இன்னாய்யா ஆச்சு? புளிப்பு கம்மியா பூட்ச்சா?"

"ஜாஸ்தியாம்! ஆசிட்டு கலந்துட்டேனாம். யாராண்ட போய்ச் சொல்லுவேன்? இன்னிக்கு ஒரு சொட்டுத் தண்ணி கூட நான் ஊத்தலை நாகு!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

அவள் கோபப்படவில்லை. நீர்மோர்ச் சொம்பு கையிலேயே நிற்க, முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

"ஊத்தலையா? பாவி மனுசா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீ ஊத்துற தண்ணிக்கு ஈடா, என் தம்பி போட்டோக் கடைலேர்ந்து குடுக்குற, படம் கழுவுற புளிப்பு ஆசிட்டை இத்தினி நாளும் ஜாடி கட்டறப்போ நாந்தானேய்யா ஊத்திகினு வர்றேன்!"