வாழைப்பழம் தின்ற குரங்கு

தாசில்தாரின் அறையில் அன்று காலை இருந்தவர்கள் ஐந்து பேர். நாற்காலியில் தாசில்தார் ரங்கையா. அவர் எதிரே கைகட்டியபடி நகல் குமாஸ்தா சம்பத். கதவோரம் டவாலி வீராசாமி. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள்விட்டு அழைத்து வந்த டீச்சர் சுந்தரி. பீரோவை ஒட்டி இன்னொரு நகல் குமாஸ்தா அப்பாவு, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மேசைமேல் ஒரு மொட்டைக் கடிதம் கிடந்தது. இங்கிலீஷில் ஒரே வரி. சித்தூருக்குப் போய், மேலதிகாரி சிவப்புப் பென்சிலில் போட்ட கேள்விக்குறியோடு திரும்பி வந்திருந்தது.

எழுதியவன் அப்பாவு. இடது கையால் எழுதி, திருப்பதிவரை பஸ் ஏறிப் போய் அங்கே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் மெட்ராஸ் பக்கம் என்று பாலசமுத்திரம் தொடங்கி நாராயணவனம் வரை மனுக்கள் குவிந்தன. அவற்றை இங்கிலீஷில் எழுதச் சித்தூரில் ஒரு குமாஸ்தா தேவை. இந்த ஆபீசிலிருந்து ஒருவன் போகலாம். சம்பத், இல்லாவிட்டால் அப்பாவு.

"சம்பத்து சித்தூருக்குப் போவான். நீ இங்கியே உக்காந்துகினு கட்டுங்க மேல தூசி தட்டு," என்று வீராசாமியே வாய்விட்டுச் சொல்லிவிட்டான். டவாலிக்கே தெரிந்துபோன விஷயம். அப்பாவுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வேலை மட்டும் என்றால் பொறுத்திருப்பான். இருவரும் சாயங்காலத்தில் சுந்தரியிடம் இங்கிலீஷ் படித்தார்கள். அவளிடம் வேறு யாரும் படிக்கவில்லை. சம்பத் ஒரு கமா வைத்தால்கூட அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். "எவ்ளோ கரெக்டா வச்சிகிறீங்க, பாருங்க!" என்பாள். சம்பத் அவளுக்கு வெறும் 'நீங்க'. அப்பாவு 'அண்ணா'.

ஒருநாள் அப்பாவுவின் நோட்டை அவள் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னா அண்ணா இது? வாழப்பழம் கொரங்க துன்னுச்சின்னு எழுதிகினு வந்துகிறீங்க?"

"வாழப்பழத்த கொரங்கு துன்னுச்சின்னுதாம்மா எழுதினேன்."

"தமிழ்ல வார்த்தய எங்க போட்டாலும் ஒரு 'ஐ' வந்து காப்பாத்திடும். இங்கிலீஷ்ல அது கெடையாது. முன்னால நிக்கிறவன்தான் துன்றவன். பின்னால நிக்கிறவன் பூடுவான்."

சம்பத் பெஞ்சைத் தட்டிச் சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்பாவு காதில் பாடம் விழவில்லை. அந்த இரண்டு சிரிப்பும் ஒன்றானதுதான் விழுந்தது.

அன்றே உட்கார்ந்தான். 'தாசில்தாரைச் சம்பத் தினமும் ஏமாற்றுகிறான்.' இது ஒன்று போதும், சம்பத்தின் சித்தூர் பஸ் நின்றுவிடும். முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, அகராதியைப் புரட்டி, வரிசை பிசகாமல் வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ் ஆக்கினான். கடைசியில் புள்ளி வைக்கவும் மறக்கவில்லை.

இப்போது தாசில்தார் அந்தக் கடிதத்தைச் சம்பத்தின் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"ஏமய்யா சம்பத்து! நான் உன்ன தெனமும் ஏமாத்தறேனா?"

கோபம் முற்றினால் பெரிய மனுஷர்கள் இப்படித்தான் தலைகீழாகக் கேட்பார்கள் என்று அப்பாவு நினைத்துக்கொண்டான்.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றான் சம்பத்.

"தெரியாதா? சித்தூர்ல என் மானம் போயிந்தி! டீச்சரம்மா, இவனுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றவங்க நீங்க, இத நீங்களே படிச்சிப் பாருங்க."

இதற்காகத்தானே அப்பாவு கை நோக எழுதினான். சம்பத்தின் யோக்கியதையை அவள் தன் கண்ணாலேயே படிக்கட்டும்.

சுந்தரி படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். அவள் உதடு லேசாகத் துடித்தது. பிறகு தலையை நிமிர்த்தி, சம்பத்தை விட்டுவிட்டு, நேராக அப்பாவுவைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை மாதத்தில் அந்தச் சிரிப்பு இவன் பக்கம் திரும்பியது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்குக் காது சூடேறியது.

அவள் மேசைமேல் குனிந்து தாசில்தாரிடம் தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து மோவாயைத் தடவினார்.

"சம்பத்து, நீ வெளிய போ."

சம்பத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். தொலைந்தான். டீச்சரும் அவன் பின்னாலேயே போனாள். போகட்டும், இனி எத்தனை நாளைக்கு?

தாசில்தார் கண்ணைக் காட்டினார். அவர்கள் போன பிறகு வீராசாமி கதவைச் சாத்திப் பூட்டினான். சித்தூர் உத்தரவு ரகசியமாகத்தான் தருவார்கள் போலிருக்கிறது. அப்பாவு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மேசையருகே வந்தான்.

"அப்பாவு," என்றார் தாசில்தார், "வாழப்பழம் கொரங்க எப்பய்யா துன்னுச்சி?"