அலமாரியில் ஐந்தாவது மெஷின்

ரெனிஷ் இறந்து மூன்று மாதம் கழித்து, வீட்டுப் படங்கள் எதுவும் திறக்காமல் போயின. மாங்காட்டு வீட்டு அலமாரியில் அவன் ஒரு சர்வரை வைத்து, அதற்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் போல இயங்கும் நான்கு விர்ச்சுவல் மெஷின்களை ஓடவிட்டிருந்தான். படங்கள் அவற்றில் ஒன்றில் இருந்தன. சர்ச் முடிந்து வந்ததும் ஹெலினா, கணவன் ரெனிஷின் நண்பன் லோகேஷை வரச்சொன்னாள்.

அவன் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இங்க அஞ்சு கீது?" என்றான். "பேரே இல்லாத ஒண்ணு மெமரிய புடிச்சிக்கினு கீது. அதான் படம் மெஷின் ஓடல."

பெயரில்லாத மெஷின் முப்பத்தாறு வருடம் நாற்பத்தொரு நாளாக ஓடுவதாகத் திரை காட்டியது. சர்வர் வாங்கியே நாலு வருடம்தான். லோகேஷ் அதை நிறுத்தினான். அது தானாக எழுந்து, விட்ட இடத்திலிருந்து ஓடியது.

ஹெலினா விரல் விட்டு எண்ணினாள். ரெனிஷ் இருந்திருந்தால் இன்றைக்குச் சரியாக அந்த வயது.

"அழிச்சிடட்டாம்மா? படம் முக்கியம்ல."

"வேணாம்ண்ணா. மெமரிக்கு இன்னொரு ரேம் வாங்கிப் போட்டா ரெண்டும் ஓடுமா?"

"ஓடும்" என்றான் லோகேஷ்.

மறுநாள் சர்வரை அணைத்து ரேம் மாட்டினான். படங்கள் திரும்ப வந்தன. ஐந்தாவது மெஷினில் ஒரு நாள் கூடியிருந்தது.

லோகேஷ் போனதும் ஹெலினா அலமாரிக் கதவைத் திறந்துவிட்டாள். வெயில் கடுமையாக இருந்தது. தன் பக்கம் சுழன்றுகொண்டிருந்த மேசை விசிறியை எடுத்து சர்வர் பக்கம் திருப்பி வைத்தாள்.