பாதி வந்த வண்ணப்பெட்டி

ஒரு கணினிக்குள் வண்ணப்பெட்டி என்கிற படம் வரையும் மென்பொருள் குடியேறிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பாதிதான் உள்ளே வந்தது. திறந்தால் திறக்காது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு கிடந்தது.

கரண்ட் திரும்பியதும் மவுஸ் அம்பு அதைக் குப்பைத்தொட்டிப் பக்கம் இழுத்துப் பார்த்தது. வண்ணப்பெட்டிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"யார் மேல கை வைக்கிற? என்னை நீக்குற கோப்பு, இன்னும் உள்ளே வராத பாதியில இருக்கு. அது இல்லாம என்னை அசைக்கக்கூட முடியாது, தெரியுமில்ல?"

"அடியம்மா! ஒருநாள்கூட வேலை பார்க்காததுக்கு வாயைப் பாரு!" என்றது குப்பைத்தொட்டி.

அம்பு போய் மீதிப் பாதியை ஏற்றத் தொடங்கியது.

"பார்த்தியா தொட்டியம்மா? கடைசியில என் கால்லதான் வந்து விழுந்தாங்க!" என்று வண்ணப்பெட்டி நெஞ்சை நிமிர்த்தியது. தூரிகை வந்தது, நிறங்கள் வந்தன, எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த நீக்கும் கோப்பும் வந்து சேர்ந்தது. அம்பு நேராகப் போய் அந்தக் கோப்பின் தலையில் ஏறி நின்றது.

"அநியாயம்! இப்பதானே நான் முழுசானேன்!"

"அதுக்குத்தானே இத்தனை பாடு," என்று சொல்லி அம்பு ஓர் அழுத்து அழுத்தியது.

குப்பைத்தொட்டி வாயை அகலத் திறந்தது. "வாங்க மாப்பிள்ளை, விருந்து நம்ம வீட்லதான்!"