அடுப்பெரியும் வீடு

காலிங்பெல்லை அழுத்திவிட்டு, செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

நெற்றி நிறைய நாமம். இடுப்பில் மஞ்சள் வேட்டி. செம்பின் கழுத்தில் துளசி. மேலே சட்டை இல்லை. தொப்பைக்கு ஒளிய இடமில்லை.

கதவிலிருந்த கேமரா பேசியது.

"சில்லறை இல்லப்பா. உன்னைய ஆரு உள்ள விட்டது? செக்ரெட்டரிகிட்டச் சொல்லோணும்."

அந்த அபார்ட்மென்டுக்குச் செக்ரெட்டரியே அவர்தான்.

கோவிந்தா என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அடுத்த கதவுக்கு நகர்ந்தார்.

ஆடி மாதம், மனைவியை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பெருமாளிடம் பேரம் பேசினார். உண்டியலில் ஆரம்பித்தார். முடி காணிக்கை என்றார். தலையில் இருந்ததே நாலு முடி. பெருமாள் மசிகிற மாதிரித் தெரியவில்லை.

கடைசியில், தன்னால் ஆகவே ஆகாத ஒன்றைச் சொன்னார்.

அவளைத் திருப்பிக் கொடு. புரட்டாசிச் சனிக்கிழமை பிச்சை எடுத்துப் பொங்கல் வைக்கிறேன்.

பெருமாள் கொடுத்துவிட்டார்.

இப்போது அவள் சோபாவில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்துகொண்டு, காப்பியா இது, கழுவுன தண்ணியா என்று கேட்கிறாள். காதுக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது.

அவர்கள் குடும்பத்து வழக்கம் பொல்லாதது. மூன்று வீட்டு அரிசி. கையால் அள்ளிப் போட வேண்டும். அடுப்பெரிகிற வீடாக இருக்க வேண்டும். உச்சிப்பொழுதுக்குள் பொங்கி, போட்ட வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

குறை வைத்தால்?

கொடுத்தவனுக்கு எடுக்கவும் தெரியும்.

ஒரு வீட்டில் சிறுதானியத்துக்கு மாறிவிட்டார்கள். "அரிசியே வாங்கறதில்லீங்க. கம்பு தரட்டுங்களா?" இன்னொரு வீட்டில் சனிக்கிழமை அடுப்புக்கு லீவு. ஒருவர் ஜிபே நம்பர் கேட்டார்.

இரண்டு வீடுகளில் போட்டார்கள். செம்பைக் கும்பிட்டார்கள். அவரைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

எல்லா மாடியும் ஏறி இறங்கியும் மூன்றாவது வீடு அகப்படவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

வெளியே கிளம்பினார். கேட்டில், பிச்சைக்காரர்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை. வாசகம் அவருடையது. சிவப்பு பெயிண்ட்தான் வேண்டுமென்று சண்டை போட்டதும் அவர்தான்.

வாட்ச்மேன் பொன்னுரங்கம் எழுந்து நின்றார்.

"சார், மத்தியானம் புது ஆளு டூட்டி. அதுக்கு முன்னாடி வந்துருங்க. உங்களை உள்ள விடமாட்டான்."

சாலை முழுக்கக் கண்ணாடி. நகைக்கடை, கார் ஷோரூம், முடி நடுகிற கிளினிக். ஊர் வளர்ந்த வேகத்தில் வீடு என்று ஒன்று மிஞ்சவில்லை. எதற்கும் அடுப்பு இல்லை.

மேம்பாலத்துக்கு அடியில் புகை.

அந்தப் புகையை அவருக்கு நன்றாகத் தெரியும். காலையில் பால்கனியில் நின்று அதைத்தான் போட்டோ எடுப்பார். மாநகராட்சிக்குப் புகாரோடு அனுப்புவார். அங்கே சமைக்கிற பெண் சிக்னலில் காசு கேட்டுக் காரைத் தட்டினால் ரேடியோவைக் கூட்டி வைப்பார். மீட்டிங்கில்கூடக் கேட்டாரே: "நாலு கல்லை வெச்சு அடுப்புப் பத்த வெச்சா, அது வீடாயிருமாங்க?"

எல்லோரும் கைதட்டினார்கள்.

யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

கால் போனது. மனது பின்னாலேயே மெல்ல வந்தது.

தூணோரம் கல் அடுப்பு. மேலே சட்டி. பக்கத்தில், ஊன்றுகோலை மடியில் வைத்தபடி ஓர் ஆள். எதிரே உள்ளங்கை அகலத்தில் ஒரு கோலம்.

இத்தனை போட்டோவில் ஒன்றில்கூட அந்தக் கோலம் விழுந்ததில்லை.

மிதிக்காமல் நின்றார்.

சிக்னல் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏழாவது மாடிச் சாமிங்கதான? போட்டா புடிப்பீங்களே."

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் செம்பு முன்னால் நீண்டுவிட்டது. அத்தனை கதவுகளிலும் வராத சொல் தானாக வந்தது.

"கோவிந்தா."

அவள் சிரிக்கவில்லை. கையைக் கழுவினாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டாள். தகர டின்னைத் திறந்தவள், அப்படியே நின்றாள்.

"ரேசன் அரிசிங்க சாமி. சேருமுங்களா?"

தலையாட்டினார்.

இரண்டு கையும் கொள்ள அள்ளிப் போட்டாள். பிறகு, மேலே லாரி அதிர அதிர, கீழே விழுந்து செம்பைக் கும்பிட்டாள்.

"பாத்தியா," என்றாள் ஊன்றுகோல்காரரிடம். "பெருமாளு நம்ம வாசலுக்கும் வந்துட்டாரு."

உச்சிக்கு முன்பே பொங்கல் பொங்கியது.

மனைவி ஒரு வாய் எடுத்து மென்றாள். "நடுநடுவே குண்டரிசி. ஆரு வீட்டுதுங்க?"

"பக்கத்து வீடு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, பாலத்தைப் பார்த்தாள்.

"அவங்களுக்கு நெய் கொஞ்சம் சேர்த்து விட்டுக் கொண்டுபோங்க."

இரண்டு வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. சட்டை போட்டுக்கொண்டு, பொங்கல் நிரம்பிய மூன்றாவது தூக்குப்போசியோடு இறங்கினார்.

அடுப்பு தணிந்திருந்தது. ஊன்றுகோல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். தூணுக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் கழுவும் சத்தம்.

கூப்பிட வேண்டும். பெயர் தெரியாது. புகாரில் எல்லாம் ஆக்கிரமிப்பாளர்கள் என்றுதான் எழுதியிருந்தார்.

கோலத்துக்கு இந்தப் பக்கம் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வீட்டுல ஆருங்க?"