சாவிக்கு என்னைக் கூப்பிடுங்கள்

தண்ணீர் கொதித்து பாஸ்தாவைப் போட்ட நிமிஷத்தில்தான் போன் அடிக்க வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி. பாறை மேலிருக்கும் மாதா கோயிலுக்குச் சாவி வேண்டுமாம்.

கதவில் என் எண்ணை எழுதி ஒட்டியவர் பங்குச் சாமியார். ஏறிப் போய்த் திறக்க வேண்டியவள் நான். நூற்று நாற்பது படி. வலிக்கிற முட்டி என்னுடையது.

அடுப்பை அணைத்துவிட்டு ஏறினேன்.

வாசலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவன். அறுபதை நெருங்கிய ஆள். கக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய என்னமோ ஒன்று.

கதவைத் திறந்து வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். கடற்கொள்ளையர் வந்தார்கள், காவல் கோபுரம் கட்டினோம். கட்டி முடிப்பதற்குள் மறுபடியும் வந்தார்கள். மாதா சிலை வலையில் சிக்கி வந்தது. கீழே எலுமிச்சைத் தோட்டம், படம் எடுக்கலாம். கழிப்பறை கிடையாது.

எதுவும் அவன் காதில் விழவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓவியப் பலகைகள். கடலில் பிழைத்தவர்கள், நடந்ததை வரைந்து மாதாவுக்கு நன்றியாக மாட்டியவை.

"எல்லாம் உயிரோட திரும்பினவங்க வெச்சது. திரும்பாதவங்களுக்கு இங்க பலகை கிடையாது. பாத்தாச்சுன்னா பூட்டிடலாமா?" என்றேன்.

"தெரியும் அண்ணி."

என்னை அண்ணி என்று கூப்பிட்டவன் உலகத்திலேயே ஒருவன்தான். கண்ணாடியைக் கழற்றினான். ருஜ்ஜேரோ, என் கொழுந்தன்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன் என் புருஷன் காஸ்பரேயும் இவனும் ஒரே படகில் போனார்கள். படகு கவிழ்ந்தது. இருந்தது ஒரே ஒரு மிதவை வளையம். அதோடு கரை சேர்ந்தவன் இவன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த வாரமே ஊரை விட்டுப் போனான்.

வளையத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்று ஊரே பேசியது. நானும் பேசினேன். தினம் தினம் திட்டினேன். கடைசியில் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லக்கூடவா இவனுக்கு நாக்கு வரவில்லை?

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? அதுவும் சாப்பாட்டு நேரத்துல?" என்றேன்.

"நன்றி சொல்லாம சாகக் கூடாது அண்ணி," என்று செய்தித்தாளைப் பிரித்தான். உள்ளே ஒரு பலகை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் புருஷன் உயிரைக் குடித்துவிட்டு இவனுக்கு நன்றிப் பலகை ஒரு கேடா? பிடுங்கிக் கடலில் வீசத்தான் கையை நீட்டினேன்.

இவனே வரைந்திருக்கிறான். சின்னப் பிள்ளை கிறுக்கியது மாதிரி நீல அலைகள். தண்ணீரில் இரண்டு பேர். தாடை வரை மீசை தொங்கும் ஒருவர், தன் தலைவழியே வளையத்தைக் கழற்றி மற்றவன் கழுத்தில் போடுகிறார்.

அந்த மீசை ஊரில் காஸ்பரேக்கு மட்டும்தான் இருந்தது.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். கோபம் மட்டும் அடங்கவில்லை.

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா. எதுக்குத் திருட்டுப் பட்டத்தோட ஓடின?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டுல நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சும் எனக்குக் கழட்டிக் கொடுத்தாரு. அத உங்ககிட்ட எப்படி அண்ணி சொல்றது? நீங்க என்னையே திட்டிட்டு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

முப்பத்தொரு வருஷம் இவனைத் திட்டிய அதே வாயால், மாதா முன்னால் நின்று, முதல் தடவையாக என் புருஷனைத் திட்டினேன்.